முத்துப்பேச்சி மேல் கொடுத்த மனு

அண்ணாச்சி, என்னைய ஞாபகம் இருக்கா? பத்து நாளைக்கு முன்னால இதே ஸ்டூல்ல உக்காந்து ஒரு மனு எழுதிட்டுப் போனேன். பார்லர்க்காரி. சண்முகவடிவு. பயிற்சி மையத்து மேடம் மேல புகார் எழுதிக் குடுத்தியளே, ஆங், அதேதான். அந்த மனுவ வாபஸ் வாங்கணும். வாபஸ் வாங்குறதுக்கும் ஒரு மனு எழுதணுமாம். பேப்பர எடுங்க.

காரணம் தெரியாம எழுத மாட்டியளோ? சரி, சொல்லுதேன். நான் கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன், தப்பா நினைக்கக் கூடாது. பார்லர்ல டிரையர் சத்தத்துக்கு மேல பேசிப் பேசித் தொண்டை இப்படி ஆயிப்போச்சு. அது கிடக்கட்டும், உங்க மீசைக்கு யாரு டை போட்டுவிட்டது? தோலெல்லாம் கறையாக் கிடக்கு. போடுறதுக்கு முன்னால சுத்தி வாசலின் தடவணும் அண்ணாச்சி. அதுக்கும் ஒரு நாள் முன்னால காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வச்சுப் பாக்கணும், அரிக்குதான்னு. இதெல்லாம் எனக்கு எந்த வகுப்புலயும் சொல்லித் தரல. இருவத்திரண்டு வருசமா நானாத் தெரிஞ்சு வச்சிருக்கேன். சும்மா சொல்லுதேன், அடுத்த தடவ என்கிட்ட வாங்க, போட்டுவிடுதேன்.

வருவிய, நான் எங்க இருப்பேன்னுதான் தெரியல.

நான் பார்லர் வச்சிருக்கிறது ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்குள்ள. பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல். வாசல்ல இருந்து ரெண்டாவது ரூம். பதினோரு வருசமா அங்கதான். ஐநூறு பிள்ளைக. வெளிய போகாமப் புருவம், முகம், முடி எல்லாம் என்கிட்டயே. நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. இந்த வருசம் புதுசா ஒரு வார்டனம்மா வந்துச்சு. வந்த வாரமே கூப்பிட்டு, "சர்டிபிகேட் இருக்காம்மா?"ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், "மேடம், நான் ஜோடிச்சு அனுப்பின கல்யாணப் பொண்ணுக எண்ணிக்கைய எடுத்தா உங்க ஹாஸ்டல் பத்தாது"ன்னேன். "அதெல்லாம் சரிம்மா, பேப்பர் இருக்கா?" அவ்வளவுதான். இந்த மாசக் கடைசிக்குள்ள பேப்பரோட வந்தா இரு, இல்லன்னா ரூமக் காலி பண்ணுன்னுட்டுது. எங்க வீட்ல அவுக லாரியில இருந்து விழுந்து ஆறு வருசமாச்சு. இடுப்புக்குக் கீழ சொல்பேச்சு கேக்காது. நான் ஹாஸ்டல்ல நின்னாத்தான் வீட்ல அடுப்பு எரியும். உங்களுக்கு அன்னைக்கே சொன்னேன்ல இதெல்லாம்.

அதுக்காகத்தான் அந்தப் பயிற்சியில சேந்தேன். அனுபவம் உள்ளவங்களுக்குன்னு தனியா பன்னெண்டு நாள் வகுப்பு. முடிவுல ஒரு பரீட்சை. இருவது பேரு. எல்லாம் சின்னஞ்சிறுசுக. நாப்பத்தொன்பது வயசுல நோட்டும் பேனாவுமா முன் பெஞ்சுல உக்காந்திருக்கேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. மொத நாள் காலையில, "மேடம் வாறாங்க, எந்திரிங்க"ன்னாங்க. எந்திரிச்சேன். உள்ள வந்தது யாருன்னு நினைக்கிய? முத்துப்பேச்சி!

என் கடையில தரையக் கூட்டுன பிள்ள அண்ணாச்சி. பதினேழு வயசுல வந்தா. அஞ்சு வருசம் இருந்தா. பெத்த பிள்ள மாதிரி வச்சிருந்தேன். வாரியல் எடுக்கணும், வெட்டிப் போட்ட முடியப் பெருக்கணும், துண்டத் துவைக்கணும், டீ வாங்கிட்டு வரணும். வேற என்ன வேலை, சொல்லுங்க. கஸ்டமர் மூஞ்சியத் தொட விட மாட்டேன். மூணு வருசம் விடல. எனக்கும் அப்படித்தானே சொல்லித் தந்தாங்க. மொதல்ல கண்ணாலப் பாரு, அப்புறம் கை. அவளும் பாத்துப் பாத்து, நான் புருவம் எடுத்துப் போட்ட பழைய நூலப் பொறுக்கி எடுத்துட்டுப் போயி, தன் கெண்டைக்கால்ல இருக்கிற முடியப் புடுங்கிப் புடுங்கிப் பழகியிருக்கா. காலெல்லாம் திட்டுத் திட்டாச் செவந்து கிடக்கும். என்னட்டி காலுன்னு கேட்டா, "கொசுக்கடி எக்கா"ம்பா. ஆனா கத்துக் குடுத்தது நான்தான். அதுல சந்தேகமே இல்ல. ஒரே ஒரு தடவ கை நீட்டினேன். வேக்ஸக் கருக விட்டுட்டா, ஆளுக இருக்கும்போது ஒண்ணு வச்சுட்டேன். ஒரே ஒரு தடவதான். அதுக்கு அடுத்த மாசம் சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டா. அப்புறம் எங்கயோ படிச்சா, மெட்ராஸ் போனா, வந்தான்னெல்லாம் காதுல விழும்.

அந்தப் பிள்ள இப்ப வெள்ளைக் கோட்டு போட்டு, கண்ணாடி போட்டு, முன்னால நிக்கா. நாங்க இருவது பேரும் எந்திரிச்சு, "குட் மார்னிங் மேடம்"னு சொல்லுதோம். என்னையப் பாத்ததும் ஒரு நிமிசம் தடுமாறிட்டா. அப்புறம் எல்லாரையும் பாத்து, "இவங்க எனக்கு சீனியர், இவங்க கடையிலதான் நான் மொதல்ல நூலப் பாத்தேன்"னு சொன்னா. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அது குத்தலாப் பட்டுச்சு. வேணும்னே சொல்லுதா, பாத்தியா, நீ எங்க இருக்க, நான் எங்க இருக்கேன்னு காட்டுதான்னு நினைச்சேன். அன்னையில இருந்தே என் மனசு சரியில்ல. இப்ப யோசிச்சா அவ குத்தலாச் சொல்லல. அப்ப எங்க தெரியுது!

வகுப்பு கஷ்டம் இல்ல. தோலுக்கு எத்தன அடுக்கு, எந்த அடுக்குல என்ன இருக்கு, எல்லாம் பரோட்டாவப் பிரிக்கிற மாதிரி அடுக்கடுக்கா ஒப்பிச்சேன். கையுறை, கிருமிநாசினி, ஒரு ஆளுக்குப் போட்ட துண்ட இன்னொரு ஆளுக்குப் போடக் கூடாது, எல்லாம் சரின்னு தலையாட்டினேன். நூல் வந்தப்பத்தான் மாட்டிக்கிட்டேன்.

உங்களுக்குத் தெரியாது, ஆம்பள. பொம்பளைக்குப் புருவம் எடுக்கிறது எப்படின்னா, தையல் நூல்தான், அத முறுக்கி, ஒரு முனையப் பல்லுல கடிச்சுக்கணும். மத்தத ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, தலையப் பின்னால இழுத்து இழுத்து, அந்த முறுக்கு போயி முடியக் கவ்விப் புடுங்கும். பல்லுதான் மூணாவது கை. இருவத்திரண்டு வருசம் அண்ணாச்சி. இந்தா பாருங்க, முன் பல்லு ரெண்டுலயும் நூல் போற தடம் தெரியுதா? பல்லே தேஞ்சு போச்சு.

இப்ப அது கூடாதாம். எச்சி படுதாம். நூல வாயில வைக்கிறது குத்தம். நூலக் கழுத்தச் சுத்தி மாட்டிக்கிட்டு, கழுத்தாலதான் இழுக்கணும். அந்தப் பரீட்சையில வேற எது தப்பாப் போனாலும் மார்க்குதான் குறையும். வாயில நூல வச்சா அந்த நிமிசமே பெயில். அதுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. பேச்சி போர்டுல சிவப்புல எழுதிப் போட்டா.

நானும் பன்னெண்டு நாளும் பழகினேன். வீட்ல தலகாணியில, அவுக கை முடியில எல்லாம். யோசிச்சு யோசிச்சுச் செஞ்சா வரும். கழுத்து, கழுத்து, கழுத்துன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கணும். சொல்ல மறந்தேன்னா கை தானா நூலக் கொண்டு போயி வாயில குடுக்கும். குழந்தை வெரலச் சூப்புத மாதிரி. பேச்சி ரெண்டு மூணு தடவ பக்கத்துல வந்து, "எக்கா, வாயி"ன்னு மெதுவாச் சொல்லுவா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். "தெரியுதுட்டி, போ"ம்பேன். மேடத்தப் போயி ஏட்டின்னு கூப்பிடுதேன் பாருங்க. அந்தப் பிள்ளைக எல்லாம் சிரிக்கும்.

பரீட்சை அன்னைக்கு மேலாபீஸ்ல இருந்து ஒரு ஆபீசர் வந்திருந்தாரு. அவரும் பேச்சியும்தான் மார்க் போடுதவங்க. அவரு தூரத்துல ஒரு மேசையில உக்காந்திருக்காரு, பேச்சி சேர் சேராப் போயிப் பாக்கா. ஆளுக்கு ஒரு மாடல் கூட்டிட்டு வரணும். நான் ஹாஸ்டல் பிள்ள ஒண்ணக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அதுக்குப் புருவம் காடு மாதிரி. அது கண்ண மூடிக்கிட்டு, தன் வெரலால இமையயும் நெத்தியயும் இழுத்துப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சு படுத்திருக்கு. நான் நூலக் கழுத்துல மாட்டினேன். இடது புருவம் முழுசும் கழுத்துலதான் செஞ்சேன். சத்தியமா. ஒரு குறை சொல்ல முடியாது.

வலது புருவத்து வால் பக்கம் வரும்போது அந்தப் பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி கொட்ட ஆரம்பிச்சுட்டு. உதட்டக் கடிக்குது. "ஒண்ணுமில்ல கண்ணு, முடிஞ்சுட்டு, முடிஞ்சுட்டு"ன்னு அதச் சமாதானம் பண்ணுதேன். அதுக்கு வலிக்கக் கூடாதேன்னுதான் என் நெனப்பு பூராவும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நிமிந்து பாத்தா பேச்சி எனக்கு எதுத்தாப்புல வந்து நிக்கா. அந்த ஆபீசருக்கு முதுகக் காட்டிக்கிட்டு, என் சேரையே மறைச்சுக்கிட்டு நிக்கா. நின்னு, தன் கழுத்துல கிடக்கிற சங்கிலியத் தொடுதா. என்னையப் பாக்கா, சங்கிலியத் தொடுதா. மறுபடியும் என்னையப் பாக்கா, மறுபடியும் தொடுதா. இருமுதா வேற.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க! என் கடையில வாரியல் புடிச்சவ, எனக்கே மார்க் போட வந்தவ, நான் அழுத பிள்ளைய வச்சுக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து நிக்கும்போது, சங்கிலியத் தடவித் தடவிக் காட்டுதாளேன்னு நினைச்சேன். தலைக்கு ஏறிட்டு. "என்னட்டி, சங்கிலியவா காட்டுத?"ன்னு சத்தம் போட்டுட்டேன்.

போட்டதும்தான் எனக்கே என் குரல் ஒரு மாதிரிக் கேட்டுச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டுப் பேசுத மாதிரி. என்னன்னா, நூல் என் வாயில இருக்கு.

எப்ப வாயிக்குப் போச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சாமி மேல ஆணையாத் தெரியாது. அந்தச் சத்தத்துல ஆபீசர் எந்திரிச்சுப் பாத்தாரு. மொத்த ரூமும் திரும்பிப் பாத்துச்சு. நூலு வாயில இருந்து தொங்குது. நான் சத்தம் போடலன்னா அவரு திரும்பியிருக்கவே மாட்டாரு. பேச்சி கையத் தொங்கப் போட்டுட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டா.

பெயில். அந்த இடத்துலயே எழுதிட்டாரு. ரெண்டாவது வாய்ப்பு ஒண்ணு உண்டு, இருவத்தாறாம் தேதி, அதுலயும் போச்சுன்னா அடுத்த வருசம்தான்னு சொன்னாரு.

மறுநாள் காலையில நேரா உங்ககிட்டதான் வந்தேன். கண்ணு மண்ணு தெரியாத கோவம். நான் சொன்னது என்ன, ஒரு கால் பங்கு. நீங்க எழுதினது என்ன! "கழுத்திலிருந்த ஐந்து பவுன் சங்கிலியைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, அனைவர் முன்னிலையிலும் என்னை ஏளனம் செய்து, அதனால் ஏற்பட்ட கடும் மன உளைச்சலால் தேர்வில் தவறினேன்." நீங்க வாசிச்சுக் காட்டும்போது எனக்கே அழுகை வந்துட்டு. உங்களக் குத்தம் சொல்லல. எழுதச் சொன்னது நான்தான். அஞ்சு பவுன்னு சொன்னதும் நான்தான். நல்லாத்தான் எழுதினிய. அதுதான் இப்பக் கஷ்டமாப் போச்சு.

எங்க வீட்டுப் பட்டாவுக்கு ஒன்பது மனு குடுத்திருக்கேன் அண்ணாச்சி. எட்டு வருசம். ஒரு பதில் கிடையாது. இதுவும் எங்கயாவது ஒரு மூலையில கிடக்கும், என் ஆத்திரம் தீந்தாப் போதும்னு நினைச்சேன். நாலே நாள்! நாலு நாள்ல பேச்சிய வேலைக்கு வர வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. திங்கக்கிழமை விசாரணையாம். எனக்கும் வரச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு. எந்த மனு நகரக் கூடாதோ அது ஓடுது பாருங்க.

கடுதாசி வந்தப்பக் கூட எனக்கு ஒண்ணும் தோணல, உண்மையச் சொல்லுதேன். நல்லா வேணும்னுதான் நினைச்சேன். சாயந்தரம் ஜெசிந்தா வந்தா. என் கூடப் பயிற்சியில இருந்தவ, பக்கத்து சேரு. சின்னப் பிள்ள, பாஸாயிட்டா. "எக்கா, என்ன காரியம் பண்ணிட்டிய?"ன்னா. நான், "ஏன், உனக்கு என்ன?"ன்னேன். "மேடம் உங்களக் காப்பாத்தப் பாத்தாங்க எக்கா. நூல் உங்க வாயிக்குப் போயிட்டு. ஆபீசர் பாத்துரக் கூடாதுன்னு மறைச்சு நின்னுக்கிட்டு, கழுத்து, கழுத்துன்னு காட்டுனாங்க. எனக்கும் அப்படித்தான் செஞ்சாங்க. நான் கையுறை போட மறந்துட்டேன். மேடம் என் எதுக்க வந்து தன் வெரல நீவிக்கிட்டே நின்னாங்க. எனக்கு டக்குனு புரிஞ்சு போட்டுக்கிட்டேன். உங்களுக்குப் புரியல?"ன்னு கேட்டா.

எனக்குப் புரியல அண்ணாச்சி. ரூமுல இருந்த சின்னப் பிள்ளைக்குப் புரிஞ்சிருக்கு, எனக்குப் புரியல. எனக்கு அவ கழுத்தே கண்ணுல படல, சங்கிலிதான் தெரிஞ்சுது. அன்னைக்கு ராவு பூரா உக்காந்தே இருந்தேன்.

மறுநாள் விசாரிச்சுக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். சந்துக்குள்ள ஒரு ரூமு, ஒரு அடுப்படி. அவளும் அவ அம்மாவும்தான். கல்யாணம் காட்சி ஒண்ணும் ஆகல போல. நான் கேக்கல. "வாங்க எக்கா"ன்னு ஸ்டூலத் தொடச்சுப் போட்டா. ஏசுவா, கதவச் சாத்துவான்னு நினைச்சுப் போனேன். ஏசியிருந்தா எனக்குத் திரும்ப ஏசத் தெரியும். காப்பி போட்டுத் தாறா. கிட்டக்க பாத்தேன், அந்தச் சங்கிலி கவரிங் அண்ணாச்சி. கொக்கிப் பக்கம் வெளுத்துக் கிடக்கு. பொன்னு நிறத்துக்கும் கவரிங் நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு? கல்யாணப் பொண்ணுகளுக்கு வாரா வாரம் கவரிங் செட்டு மாட்டிவிடுதவ.

"ஏட்டி, ஏன்ட்டி அப்படிச் செஞ்ச? நான் உனக்கு என்ன செஞ்சேன்?"ன்னு கேட்டேன். அவ சொன்னா, "எக்கா, நானும் பல்லுல புடிச்சவதான். உங்களப் பாத்துத்தானே பழகினேன். அத விடுததுக்கு எனக்கு ஆறு மாசம் ஆச்சு. உதட்டுல வேப்பெண்ணெயத் தடவிக்கிட்டுப் பழகினேன். பன்னெண்டு நாள்ல உங்களுக்கு வராதுன்னு எனக்குத் தெரியும். அதான் காலையில இருந்து உங்க சேர் பக்கமாவே சுத்திச் சுத்தி வந்தேன்"னா.

காப்பி டம்ளரக் கீழ வச்சுட்டேன். நான் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. மன்னிச்சிருன்னு சொன்னேனான்னா, சொல்லல. வாயில வரல. வயசுல மூத்தவ, எப்படிச் சொல்லுதது? "நீ கவலப்படாத, திங்கக்கிழமை நான் வந்து உள்ளது உள்ளபடி சொல்லிருதேன்"னு மட்டும் சொன்னேன். அவ பதறிட்டா. "எக்கா, அதச் சொல்லிராதீங்க. பரீட்சையில ஆளுக்கு உதவி செஞ்சேன்னு ஆயிட்டா என் பேரையே அடிச்சிருவாங்க. அப்புறம் எந்த மையத்துலயும் சேக்க மாட்டாங்க. சங்கிலியக் காட்டினேன்னு நான் ஒத்துக்கிட்டாலும் அதுக்கும் வேலை போகும். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, வாய மூடிக்கிட்டு நிக்கப் போறேன், நடக்கிறது நடக்கட்டும்"னா. அவ அம்மா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்துச்சு. எந்திரிக்க முடியாத மனுசி. தூங்கல, கேட்டுக்கிட்டுத்தான் கிடந்துச்சு.

வெளிய வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். எப்படிப் பாத்தாலும் முட்டுதே அண்ணாச்சி. சரி, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு எழுதிருவோம்னு நினைச்சேன். "தவறான புரிதலால் மனு அளித்துவிட்டேன்." நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆபீசர் என்ன கேப்பாரு? சரிம்மா, நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட, அப்ப அவ கழுத்தத் தொட்டதுக்குச் சரியான அர்த்தம் என்னன்னு கேப்பாரா, மாட்டாரா? கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? கழுத்துல அரிச்சுதுன்னா? மூணு தடவையா? ஜெசிந்தாவுக்கு வெரல நீவுனதும் அப்பத் தோண்டித் துருவி வெளிய வரும். நெசத்தச் சொன்னா அவ தொலைஞ்சா. பாதி நெசத்தச் சொன்னாலும் அவதான் தொலைஞ்சா.

நேத்துப் பூராவும் யோசிச்சேன். ஒரே வழிதான் இருக்கு. அவ கழுத்தத் தொடவே இல்லன்னு ஆகணும். யாரு பாத்தா? ஆபீசருக்கு அவ முதுகுதான் தெரிஞ்சுது. மாடல் பிள்ள கண்ண மூடிக்கிட்டுக் கிடந்துச்சு. மத்த பிள்ளைக அதுஅது வேலையில குனிஞ்சு கிடந்துச்சு, நான் சத்தம் போட்ட பிறகுதான் திரும்புச்சு. ஜெசிந்தா வாயத் திறக்க மாட்டா, திறந்தா அவ சர்டிபிகேட்டும் போகும். தொட்டான்னு சொன்னது நான் ஒருத்திதான். நான் சொன்னதுதான் பொய்ன்னு நானே எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சு போச்சு. தோத்துருவோம்னு பயந்து, அவ மேல பழியப் போட்டுத் தப்பிச்சிரலாம்னு சத்தம் போட்டேன். பொறாமையில மனுவும் குடுத்தேன். அப்படி எழுதுங்க.

என்ன, பேனாவ வச்சுட்டிய?

தெரியும் அண்ணாச்சி. அந்தக் கடுதாசி கைப்பையிலதான் இருக்கு, இந்தா, நீங்களே வாசிங்க. அடியில சின்ன எழுத்துல போட்டிருக்கான்ல. பொய்ப் புகார்னு தெரிஞ்சா மனுதாரருக்கு மறுதேர்வு கிடையாது. நான் ஒண்ணும் படிக்காதவ இல்ல, எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். இருவத்தாறாம் தேதிப் பரீட்சை போச்சு. பரீட்சை போனா பேப்பர் போச்சு. பேப்பர் இல்லன்னா முப்பதாம் தேதி ரூமக் காலி பண்ணணும். வார்டனம்மாகிட்ட காலுல விழுந்தாலும் நடக்காது, அது நல்ல பொம்பளதான், ஆனா பேப்பர்க்காரி. ஹாஸ்டலுக்கு வெளிய போயி இந்த வயசுல எந்தத் தெருவுல போர்டு மாட்டுவேன்? தெருவுக்கு நாலு பார்லர் இருக்கு. அவுகள வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியல. வீட்ல இன்னும் சொல்லல.

வேற வழி ஏதாவது இருந்தாச் சொல்லுங்களேன். நீங்க இங்கன இருவது வருசமா உக்காந்திருக்கிய, எவ்வளவோ வில்லங்கத்த எழுதிப் பாத்திருப்பிய. ரெண்டு பேரும் தப்பிக்கிற மாதிரி ஒரு வார்த்தை இருக்காதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன். எனக்கு அவசரம் இல்ல, கடையில இன்னைக்குப் பூட்டுதான்.

இல்லையா?

சரி. எனக்கும் தெரியும் இல்லன்னு. சும்மா ஒரு நப்பாசை. இருவத்தாறாம் தேதி எழுதினாலும் பாஸாவேன்னு என்ன நிச்சயம், சொல்லுங்க. இந்தக் கை அன்னைக்கு மட்டும் கேக்கவா போகுது? இப்படியும் நினைச்சுப் பாத்தேன். ஆனா ஒரு வேளை கேட்டிருந்தா? வாணாம், அத நினைக்க ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவேன். எழுதுங்க அண்ணாச்சி, சீக்கிரம் எழுதுங்க. நான் மனசு மாறுததுக்குள்ள எழுதிருங்க.

"பெறுநர்" எல்லாம் பழைய மனுவுல உள்ளதுதான். என் முகவரியும் அதேதான், முப்பதாம் தேதி வரைக்கும். எழுதிட்டியளா? வாசிங்க.

ம்... ம்... நிறுத்துங்க. அது என்ன, "குடும்ப வறுமையாலும் மன உளைச்சலாலும்"? அத அடிங்க. உங்களுக்கு அந்த மன உளைச்சல விட்டா எழுத வராதா? அப்படிப் போட்டா, பாவம் பொம்பள, யாரோ மிரட்டி வாபஸ் வாங்க வைக்காங்கன்னு நினைப்பான். சந்தேகம் திரும்பப் பேச்சி மேலதான் போகும். "மேற்படி பயிற்றுநர் தன் கழுத்தையோ நகையையோ தொடவேயில்லை. நான் சொன்னது முழுப் பொய்." அவ்வளவுதான். அதுல ஈரம் ஒண்ணும் வேண்டாம்.

ஆங், இப்பச் சரியா இருக்கு.

கடைசியில ஒரு வரி சேக்கலாமா அண்ணாச்சி? அந்தப் பிள்ள முத்துப்பேச்சி நல்ல பிள்ள, தொழில் நல்லாத் தெரிஞ்சவ, என்னைய ஒரு நாளும் மரியாதைக் குறைவாப் பேசினது இல்ல, அப்படின்னு. அஞ்சு வருசம் என்கிட்ட இருந்தா, நான் ஒரு நாள் கூட அவ காதுல படுத மாதிரி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. இதுலயாவது இருக்கட்டுமேன்னு பாக்கேன்.

கூடாதா? ஏன்?

ஆமா. ஆமா, நீங்க சொல்லுததும் சரிதான். திடீர்னு இவ்வளவு நல்லவளாச் சொன்னா, ரெண்டு பேரும் சேந்து பேசி வச்சுக்கிட்டாங்கன்னு நினைப்பான். வேண்டாம், விட்டுருங்க. ஒண்ணும் எழுதாதீங்க. குடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?